கடலில் போட்ட பிள்ளை

ஆல்பெக், டென்மார்க்
மார்ச் 9, 1959

திருமதி வெர்லா ஓல்சன் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பாதிரியாருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் என் புகைக்கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நான் மீனுக்குப் புகை போடுகிறவன். மனிதர் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆக்ஸல், அமெரிக்காவுல யாரோ உன் தாத்தாவைத் தேடுறாங்கப்பா. ஆனா அவரு ஆறு வயசுலயே செத்துட்டாராம்" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு முதலில் புரியவில்லை.

நீங்கள் எழுதியிருப்பது இது. மெட்டெ என்று ஒரு பெண். மார்மன் சபையில் சேர்ந்து, சேர மாட்டேன் என்ற கணவரை விட்டுவிட்டு, 1862-இல் இரண்டு பிள்ளைகளோடு ஆல்போர்க் துறைமுகத்தில் கப்பலேறினார். மூத்தவன் ஆண்டர்ஸ், ஆறு வயது. நடுக்கடலில் அம்மை கண்டு இறந்தான். துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். கைக்குழந்தை மாரென் மட்டும் யூட்டா போய்ச் சேர்ந்தாள். அந்த மாரெனுக்குப் பேத்தி நீங்கள். மெட்டெ எப்போது பிறந்தார், அவருடைய பெற்றோர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதையெல்லாம் பாதிரியார் தேடித் தருவார். அதற்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள் கடலில் போட்ட ஆண்டர்ஸ் என் அப்பாவைப் பெற்றவர். அட்லாண்டிக்கை அவர் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. 1931-இல், ஈஸ்டருக்கு முந்தின வாரம், விலாங்குக் குழம்பை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஏழு பிள்ளைகள் பெற்றார். தலையில் முடி கொட்டவே இல்லை. கோபக்காரர். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன், அவ்வளவு கனம்.

யாரோ உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் சொல்ல ஆளே இருந்ததில்லை, நீங்கள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. உங்கள் டேனிஷ் யாரிடம் கற்றது? இந்தச் சொற்களை எங்கள் பக்கம் பேசி ஐம்பது வருஷமாவது ஆகியிருக்கும். பாதிரியார் படித்துக் காட்டியபோது கல்லறையிலிருந்து யாரோ எழுதியது போல எனக்கு மயிர் கூச்செறிந்தது.

தாளில் மீன் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸல் கிரெஸ்டன்சன்


எஃப்ரயிம், யூட்டா
மார்ச் 28, 1959

அன்புள்ள சகோதரர் ஆக்ஸல்,

உங்கள் கடிதத்தை வான்கோழிப் பட்டியில் நின்றபடி பிரித்தேன். படித்து முடித்தபோது தீவன வாளி கவிழ்ந்து கிடந்தது, கோழிகள் என் காலைக் கொத்திக்கொண்டிருந்தன. என் கணவர் ஓடிவந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். செத்தவர் ஒருவர் சாகவில்லையாம் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

முதல் இரண்டு நாள் நீங்கள் யாரோ வம்புக்காரர் என்று நினைத்தேன். எங்கள் சபையைக் கேலி செய்து எழுதுகிறவர்கள் உண்டு. பிறகு உங்கள் பெயரைப் பார்த்தேன்: கிரெஸ்டன்சன், அதாவது கிரெஸ்டனின் மகன். மெட்டெ டென்மார்க்கில் விட்டுவந்த கணவரின் பெயர் கிரெஸ்டன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். வெளியாள் யாருக்கும் அது தெரியாது. அதன் பிறகு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமைக்கத் தொடங்கி பாதியில் விட்டு வெளியே போகிறேன், வெளியே போனதும் எதற்கு வந்தேன் என்று மறந்துவிடுகிறது.

டேனிஷ் என் அம்மா எல்வைரா சொல்லிக்கொடுத்தது. அம்மாவை வளர்த்தது மெட்டெதான். அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயதாகிறது, இதயம் பலவீனம்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஆண்டர்ஸ் எங்களுக்கு வெறும் பெயர் இல்லை. ஒவ்வொரு ஜூலை இருபத்துநாலும், முன்னோர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த நாள் என்று ஊரே கூடுவோம். எங்கள் குடும்பம் ஒரு நாடகம் போடும். நீலப் படுதா விரித்து, மாவு மூட்டையைத் துணியில் சுற்றி, மெட்டெ தன் பிள்ளையைக் கடலில் இறக்குவார். முப்பது வருஷம் அம்மாதான் மெட்டெ. இப்போது நான். மூட்டைதான் என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் பிள்ளையைப் போல அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இறக்குவேன்.

இனி நல்ல செய்தி. கணவன், மனைவி, பிள்ளைகளைச் சாவுக்கு அப்பாலும் பிரியாதபடி பிணைக்கும் சடங்கு எங்கள் ஆலயத்தில் உண்டு. இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் மண்டியிடலாம். எட்டு வயதுக்குள் இறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம்கூட வேண்டாம். பக்கத்து ஊரான மான்டையில் ஆலயம் திறந்த புதிதில் மெட்டெயும், இங்கே அவர் மணந்துகொண்ட ராஸ்முஸ் லௌரிட்சனும் மண்டியிட்டு, மாரெனையும் ஆண்டர்ஸையும் தங்கள் பிள்ளைகளாகப் பிணைத்துக்கொண்டார்கள். ஆண்டர்ஸ் இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் நின்றானாம். ஆகவே உங்கள் தாத்தா இத்தனை காலமும் எங்களோடுதான் இருந்திருக்கிறார்! அவருடைய மனைவி, ஏழு பிள்ளைகள் பெயரையும் அனுப்புங்கள். எல்லாரையும் சேர்த்துவிடலாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. செத்தால் அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறேன் என்று தைரியமாக இருக்கிறார்.

உங்கள் சகோதரி
வெர்லா


ஆல்பெக்
ஏப்ரல் 14, 1959

திருமதி ஓல்சன்,

நான் உங்கள் சகோதரன் இல்லை. உங்கள் பாட்டி மாரெனும் என் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள், அந்த அளவுக்கு ஒட்டு உண்டு. அதற்குமேல் கிடையாது.

நல்ல செய்தி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக்கொண்டு நின்றதில் ஒரு கொட்டகை மீன் கருகிப்போயிற்று. கருகட்டும். ஊரான் பிள்ளைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள அந்த ராஸ்முஸ் யார்? அவன் என் தாத்தாவுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊட்டினானா? அவர் முகம் எப்படி இருக்கும் என்றாவது தெரியுமா?

ஊட்டினவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கிரெஸ்டன் மீன்வண்டி ஓட்டினவர். பெண்டாட்டி போன பிறகு பையனை வண்டியில் தன் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்துக்கொண்டு பிரெடரிக்ஸ்ஹாவனுக்கும் ஊருக்குமாக ஓட்டினார். மழையில் தன் கோட்டை அவனுக்குப் போர்த்துவார். துணி துவைத்தார், காலுறை பின்னினார். ஆம்பிளை காலுறை பின்னுகிறான் என்று துறைமுகத்துப் பெண்கள் சிரித்தார்கள். மனைவி எங்கோ உயிரோடு இருக்கிறாள், அதனால் இன்னொரு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எண்பதைத் தாண்டித்தான் செத்தார். கண்ணை மூடிவிட்டது ஆண்டர்ஸ்தான்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று எங்கள் குடும்பத்துக்கே தெரியும். ஆல்போர்க் துறையில் பிள்ளையை வேண்டாத மூட்டையாக விட்டுவிட்டுக் கப்பலேறினாள். கிரெஸ்டனே சொன்னது. அதற்குமேல் கூசாமல் செத்துவிட்டான் என்று வேறு சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் நீங்கள் ஊர்கூடி அழுகிறீர்களாம். நன்றாக இருக்கிறது கூத்து.

உங்கள் ஆலயத்தையெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. செத்தால் மண் என்கிற கட்சி. ஆனாலும் ஏதோ ஓர் இடத்தில் ஆண்டர்ஸ், தகப்பன் பெயர் ராஸ்முஸ் என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு உட்கார்ந்தால் பொறுக்கவில்லை, நின்றால் பொறுக்கவில்லை. வேலிக்குப் பச்சை அடிக்கத் தொடங்கி பாதியில் நிற்கிறது.

பிணைத்ததை அவிழ்த்துவிடுங்கள். அவரைக் கிரெஸ்டனிடம் திருப்பிக் கொடுங்கள். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். ஏழு பேர் பெயரா? அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆக்ஸல் கிரெஸ்டன்சன்


எஃப்ரயிம்
மே 6, 1959

சகோதரர் ஆக்ஸல்,

அப்படித்தான் அழைப்பேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்த வரியைத் தாண்டிப் படியுங்கள்.

அவிழ்ப்பது தலைத்துணி முடிச்சை அவிழ்ப்பது போல இல்லை. சால்ட் லேக்கில் இருக்கும் சபைத் தலைமைக்கு எழுதிக் காரணம் சொல்ல வேண்டும். நான் ஒருத்தி எழுதினால் போதாது, அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் முறைப்படி ஒரு பெண்ணை ஒரு கணவருடன்தான் பிணைக்கலாம். மெட்டெ ராஸ்முஸுடன் இருக்கிறார். ஆண்டர்ஸைக் கிரெஸ்டனிடம் கொடுத்தால் அவன் தாயிடமிருந்து பிரிவான். தாயிடம் விட்டால் தகப்பன் ராஸ்முஸ்தான். இரண்டும் சேர்ந்து நடக்காது. நான் செய்த சட்டமில்லை இது, என்மேல் பாயாதீர்கள்.

என் அண்ணன் டெல்மாரிடம் கேட்டேன். அவன் இங்கே சபைப் பொறுப்பில் இருக்கிறான். காதில் வாங்கிக்கொண்டே டிராக்டருக்கு எண்ணெய் விட்டான். பிறகு சொன்னான்: "கிளறாத வெர்லா. பிள்ளை செத்தான், மெட்டெ அழுதா, சபை தாங்குச்சு. நூறு வருஷமா எல்லாருக்கும் அது போதுமா இருந்துச்சு. உனக்கு மட்டும் ஏன் போதல?" ஏன் போதவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதியில் எழுந்து வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

ஆனால் மூட்டை என்று எழுதினீர்களே, அதை ஏற்க மாட்டேன். மெட்டெ தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் சமவெளி முழுக்க நடந்தவர். ராஸ்முஸுக்கு இரண்டாம் மனைவி. மூத்தாள் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தவர். ஊரில் எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போய் உட்காருவார். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளையைத் துறைமுகத்தில் போட்டுவிட்டுப் போவாரா? கிரெஸ்டன் சொன்னார் என்கிறீர்கள். கிரெஸ்டன் வேறென்ன சொல்வார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவராக இருந்தால்? திருடினவர் திருடினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டா திரிவார்?

எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை. பட்டியில் குஞ்சுகள் கத்துகின்றன, போகிறேன்.

வெர்லா


ஆல்பெக்
மே 20, 1959

திருமதி ஓல்சன்,

செத்து அறுபது வருஷத்துக்கு மேலான, எதிரில் வந்து பதில் சொல்ல முடியாத ஒரு மனிதரைத் திருடன் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் பாட்டிக்கும் அவர்தான் தகப்பன். உங்கள் உடம்பில் ஓடுவதும் அவர் ரத்தம்தான். அது ஞாபகம் இருந்ததா?

மெட்டெ பிறந்த விவரத்தைப் பாதிரியார் தனியாக அனுப்புவார். நீங்கள் கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆ. கிரெஸ்டன்சன்


எஃப்ரயிம்
ஜூலை 27, 1959

அன்புள்ள ஆக்ஸல்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். அடுப்பில் போடுவதானாலும் ஒரு தரம் படித்துவிட்டுப் போடுங்கள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கிரெஸ்டனைத் திருடன் என்றது தப்பு. கோபத்தில் வந்த வார்த்தை. மன்னியுங்கள்.

வெள்ளிக்கிழமை இருபத்துநாலு. நாடகத்துக்கு வர மாட்டேன் என்று டெல்மாரிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு இதுவே கடைசி வருஷமாக இருக்கலாம், அவருக்காகச் செய் என்றான். மே கடைசியில் அம்மா குளியலறையில் விழுந்தார். அதிலிருந்து சக்கர நாற்காலிதான். இலை உதிரும் வரைக்கும் தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். மறுக்க முடியவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போனேன்.

நீலப் படுதா விரித்திருந்தது. இருபுறமும் பிள்ளைகள் பிடித்து அலை மாதிரி ஆட்டினார்கள். சொந்தக்காரர்கள் நூறு பேருக்குமேல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு படுதா ஓரத்தில் நின்றேன். உங்கள் தாத்தாவின் விலாங்குக் குழம்பு ஞாபகம் வந்தது. எழுபத்தைந்து வயதில் கனமாகக் கிடந்த ஒரு மனிதரை எப்படிக் கடலில் போடுவது? கை வரவில்லை ஆக்ஸல். பாட்டு முடிந்துவிட்டது. டெல்மார் ஓரத்திலிருந்து போடு போடு என்று சைகை காட்டினான். நான் இறங்கி நடந்து, முன்வரிசையில் இருந்த அம்மாவின் மடியில் மூட்டையை வைத்துவிட்டேன்.

அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, டேனிஷில், என் காதில் மட்டும் சொன்னார்: "எனக்குத் தெரியும்டி. அவன் சாகல."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். டெல்மாரும் பின்னாலேயே வந்தான். அம்மா அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் காபி கேட்டார். எங்கள் சபையில் காபி கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய டேனிஷ்காரர்கள் எல்லாருடைய அலமாரிக்குப் பின்னாலும் ஒரு டப்பா இருக்கும். போட்டுக் கொடுத்தேன். அரை கோப்பை குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

அம்மாவுக்கு இருபது வயதிருக்கும்போது மெட்டெயும் அவரும் உட்கார்ந்து மெத்தைக்கு வாத்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்களாம். எந்தப் பேச்சும் இல்லாமல் மெட்டெ தானாகச் சொன்னாராம். ஆல்போர்க்கில் கிரெஸ்டன் வழியனுப்ப வந்தார். சண்டை இல்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். மணி அடிக்கும் வரை பையன் என்னோடு நிற்கட்டும் என்று கேட்டார். மெட்டெ கைக்குழந்தையோடு கப்பலில் ஏறி இடம் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஏணியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கிரெஸ்டன் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். மெட்டெ கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். குரல் போகும் வரை கத்தினார். சபைப் பெரியவர் ஒருவர், அடுத்த வருஷம் ஆளனுப்பி அழைத்துக்கொள்ளலாம் என்று தேற்றினாராம்.

நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று கொண்டாட இதை எழுதவில்லை. மீதியையும் கேளுங்கள். மறுநாள் கப்பல் கீல் துறைமுகத்தில் நின்றது. அங்கே இறங்கித் திரும்பியிருக்கலாம். கையில் வழிச்செலவும் இருந்தது. மெட்டெ இறங்கவில்லை. "இறங்கினா கிரெஸ்டன் என்னைத் திரும்ப விடமாட்டான்னு தெரியும். சீயோனா பிள்ளையான்னு வந்துச்சு. நான் உக்காந்தே இருந்தேன்" என்றாராம். சீயோன் என்று அவர்கள் சொன்னது இந்த யூட்டாவைத்தான். ஆகவே நீங்கள் எழுதிய மூட்டையும் முழுப் பொய் இல்லை.

செத்துவிட்டான் என்று ஏன் சொன்னார் என்று அம்மா கேட்டிருக்கிறார். மெட்டெ சொன்னதை அம்மா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "செத்துட்டான்னு சொன்னா ஆலயத்துல அவன் என் பிள்ளை. உசிரோட அப்பன்கிட்ட இருக்கான்னு சொன்னா யாரும் அவனை என்னோட சேத்து வைக்க மாட்டாங்க. நான் வேற என்னடி செய்ய?"

உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு, வேறொரு பையனை மண்டியிட வைத்து, இறந்தவன் என்று தன் வாயால் சொல்லித் தன்னோடு பிணைத்துக்கொண்டார். எங்கள் சபையில் இல்லாத யாருக்கும் இப்படி ஒரு பொய் தோன்றியிருக்காது. எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டு மெட்டெ எப்படி உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. சாகும் வருஷம் அம்மாவிடம் ஒன்று சொன்னாராம்: "நான் கூப்பிட்டது அவன் காதுல விழுந்துச்சா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். விழாம போயிருந்தா, அம்மா நம்மளக் கூப்பிடவே இல்லைன்னுதானே நெனச்சு வளந்திருப்பான்." அம்மா இதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மெட்டெயை நேரில் பார்க்கும்போது என்ன பதில் சொல்வேன் என்று அன்றிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

டெல்மார் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டுவிட்டான். என்னோடு பேசுவதில்லை. சித்தப்பா வீட்டார் இரண்டு பேர் வந்து நான் முன்னோரை அவமானப்படுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சால்ட் லேக்குக்கு எழுதி முடித்துவிட்டேன். அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆண்டர்ஸை ராஸ்முஸிடமிருந்து எடுத்துக் கிரெஸ்டனிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். உறை என் மேஜைமேல் இருக்கிறது. இரண்டு தரம் தபால் நிலையம் வரை போய்த் திரும்பினேன். அவன் உங்கள் தாத்தா. அவனோடு சாப்பிட்டவர் நீங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

வெர்லா


ஆல்பெக்
ஆகஸ்ட் 6, 1959

அன்புள்ள வெர்லா,

இனி நீ என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கம் சொந்தக்காரர்களுக்குள் நீங்கள் என்ற பேச்சு கிடையாது.

உன் கடிதம் வந்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம்தான். கிரெஸ்டன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று நீ சொன்னது கடைசியில் நிஜமாகிவிட்டதே என்று. கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கடற்கரையோரம் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பிறகு பொறுக்காமல் ரயிலேறி ஸ்காகன் போனேன். அங்கே என் அக்கா டாக்மார் இருக்கிறாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். தாத்தாவின் கடைசிக் குளிர்காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது அவள்தான். நான் அப்போது கப்பலில் சமையல்காரன், சாவுக்கு முந்தின வாரம்தான் வந்து சேர்ந்தேன்.

அக்காவிடம் உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், அவருக்கு எல்லாம் தெரியும்டா என்றாள். தாத்தா அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் அந்தம்மா பேரை எடுத்தாலே திட்டத் தொடங்கிடுவியே. உன்கிட்ட எங்க சொல்றது?" என்றாள். 

நடந்தது இது. பையன் அந்தக் கப்பலின் புகையையும் சத்தத்தையும் பார்த்துப் பயந்துவிட்டான். மணி அடிக்கும் நேரத்தில் அப்பா கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். தாத்தா சொன்னதை அக்கா அப்படியே சொன்னாள்: "அப்பா, வீட்டுக்குப் போலாம்னு நான்தான் சொன்னேன். நெசமாவான்னு ஒரு தரம் கேட்டாரு. ஆமான்னேன். தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டாரு."

கிரெஸ்டன் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, வெர்லா. மெட்டெயும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆறு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்றது. அவ்வளவுதான். கிரெஸ்டன் ஊருக்குள் வந்து, அவள் விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்லிவிட்டார். அம்மாவை வேண்டாம் என்று வந்தவன் நீதானே என்று நாளைக்கு யாரும் பையனைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னாராம். பையன் அதைத் தெரிந்துகொண்டும் சும்மா இருந்திருக்கிறான், எழுபத்தைந்து வயது வரை. அந்த வீட்டில்தான் நான் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டு வளர்ந்தேன்.

ஆண்டர்ஸ் யாருக்கு என்று என்னைக் கேட்டாய். ஏப்ரலில் கேட்டிருந்தால் மேஜையில் குத்திச் சொல்லியிருப்பேன். ரயிலில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். கிரெஸ்டனுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது. மழையில், வெயிலில், வண்டியில், சாகும் வரைக்கும் கூடவே இருந்தான். மெட்டெயிடம் அந்தப் பிள்ளையென்று ஒரு பொய்யைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அந்த உறையைக் கிழித்துவிடு. அவன் அவளிடமே இருக்கட்டும். ராஸ்முஸை அப்பா என்று கூப்பிட மாட்டான், அதை மட்டும் அங்கே யாராவது சொல்லி வையுங்கள். கூப்பிடச் சொன்னால் அடிப்பான்.

நாடகம் போடுவதானால் போடுங்கள். ஆனால் பிள்ளையைக் கடலில் போடாதீர்கள். தோளில் வைத்துக்கொண்டு நடங்கள்.

நான் நம்பாதவன் என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் அம்மா நம்புகிறார். இன்னும் கொஞ்ச நாளில் மெட்டெயைப் பார்ப்பேன் என்று நிச்சயமாக இருக்கிறார். பதில் இல்லாமல் அவர் போகக் கூடாது. இந்தக் கடிதம் விமானத்தில் வந்தாலும் ஒரு வாரமாகும். தபாலை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எழுதி முடித்ததும் சைக்கிளில் பிரெடரிக்ஸ்ஹாவன் போய்த் தந்தி கொடுக்கப் போகிறேன். தந்தியில் நிறையச் சொல்ல முடியாது, அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். நீயே அவர் காதருகே உட்கார்ந்து, உங்கள் பழைய டேனிஷில் படித்துக் காட்டு.

தாத்தா டாக்மாரிடம் சொன்னது: "அம்மா கூப்பிட்டது கேட்டுச்சு. கூட்டத்தத் தாண்டி, தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. திரும்பினா அழுதுடுவேன், அழுதா அப்பா எறக்கி விட்டுடுவாருன்னு அவரு தலைமுடிய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேன். இப்பவும் காத்து அடிச்சா கேக்குது, டாக்மார்."

அவனுக்குக் கேட்டது, வெர்லா. உன் அம்மா போய் அவளிடம் சொல்லட்டும்.

ஆக்ஸல்